மெலோடிராமா என்பது வசைச்சொல்லா?

"ரொம்ப மெலோடிராமாவா இருக்கு" என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறார்கள். சீரியலைச் சொல்கிறார்கள், சிவாஜி படத்தைச் சொல்கிறார்கள், கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்பும்போது தாய் அழுதால் அதையும் சொல்கிறார்கள். என் பேத்தி ஒருமுறை என்னையே சொன்னாள். வசைச்சொல் எல்லாவற்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அதைத் தேடிப் படிக்கும் அவகாசம் ஓய்வு பெற்றவனுக்கு இருக்கிறது. படித்ததையும், பட்டாபிராமில் வளர்ந்த காலத்தில் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'மெலோஸ்' என்றால் கிரேக்க மொழியில் பாட்டு, ராகம். ஆக, மெலோடிராமா என்றால் இசையோடு கூடிய நாடகம். அவ்வளவுதான். அதில் திட்டு எதுவும் இல்லை. இங்கிலாந்தில் அது பரவியதற்கு ஒரு சட்டமும் காரணம். லண்டனில் வசன நாடகம் போடும் உரிமை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் என்ற இரண்டு பெரிய அரங்குகளுக்கு ராஜாங்கத்தின் உரிமைப் பத்திரத்தால் கிடைத்திருந்தது. 1737ஆம் வருஷத்துச் சட்டம் அந்தப் பிடியை இன்னும் இறுக்கியது. மற்ற சின்ன அரங்குகள் எல்லாம் பாட்டு, ஆட்டம், ஊமைக் கூத்து என்று ஏதாவது சேர்த்தால்தான் பிழைக்க முடியும். 1843இல் புதுச் சட்டம் வரும்வரை இதுதான் நிலைமை. ஏழைகள் போகிற கொட்டகையில் இசை இல்லாமல் நாடகமே கிடையாது என்று ஆனது இப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷில் மெலோடிராமா என்று பெயர் போட்டுக்கொண்டு வந்த முதல் நாடகம் அந்தப் பெரிய அரங்கிலேயே அரங்கேறியது. 1802 நவம்பரில் கோவென்ட் கார்டனில் நடந்தது. 'எ டேல் ஆஃப் மிஸ்டரி' என்று பெயர். எழுதியவர் தாமஸ் ஹோல்கிராஃப்ட். செருப்புத் தைப்பவரின் பிள்ளை, சின்ன வயதில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர், 1794இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருந்துவிட்டு விசாரணை இல்லாமலே வெளியே வந்தவர். பிரான்ஸில் பிக்ஸெரெகூர் எழுதிய ஒரு நாடகத்தைத் தழுவி இதை எழுதினார்.

கதை நமக்குப் புதிதல்ல. செலீனா என்று ஒரு பெண். பெரியவர் ஒருவர் வீட்டில் வளர்கிறாள், அந்த வீட்டுப் பிள்ளையைக் காதலிக்கிறாள். ரொமால்டி என்ற பிரபு தன் மகனுக்கு அவளைக் கட்டிவைக்கப் பார்க்கிறான். அந்த வீட்டில் அடைக்கலம் புகுந்த ஏழை ஒருவன் இருக்கிறான், பெயர் பிரான்சிஸ்கோ. அவன் ஊமை. அவனைக் கொல்லப் பார்த்தவன் அவனுடைய சொந்தத் தம்பியான ரொமால்டியேதான் என்றும், செலீனா அந்த ஊமையின் மகள் என்றும் கடைசியில் தெரியவருகிறது. பெண்ணைப் பெற்றவன் மேடையில் நிற்கிறான், ஆனால் வாய் திறந்து சொல்ல முடியாது. எழுதிக் காட்டலாம், சாடை காட்டலாம். மீதியை வாத்தியம்தான் சொல்ல வேண்டும். அதனால் அச்சான நாடகப் பிரதியிலேயே, இந்த இடத்தில் இசை திகிலைக் காட்ட வேண்டும், இந்த இடத்தில் கோபத்தைக் காட்ட வேண்டும் என்று ஆசிரியர் குறிப்புப் போட்டு வைத்திருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆர்மோனிய வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டார்.

ஆவடித் தொழிற்சாலையில் நான் சேர்ந்தது 1972இல். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் நாடகம் போடும். எங்களோடு ஒரு பெரியவர் இருந்தார். முப்பதுகளில் ஒரு பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டவர். குரல் உடைந்ததும் வேஷம் போய்விட்டது. ஆர்மோனியத்துக்கு மாறினார். கம்பெனி கலைந்ததும் இங்கே தொழிலாளியாக வந்து சேர்ந்தார். ஒத்திகையில் அவர் சொல்வது ஒன்றுதான்: "வசனம் வர்றதுக்கு முன்னாடி கட்டை பேசணும்டா தம்பி. ஜனங்க அழறது உன் வார்த்தைக்கு இல்ல. வார்த்தை வரப்போகுதுன்னு நான் சொல்றேன் பாரு, அதுக்குத்தான்." அவர் ஹோல்கிராஃப்டைக் கேள்விப்பட்டவர் இல்லை. ஆனால் அந்த நாடகப் பிரதியில் இருக்கிற குறிப்பெல்லாம் அவர் விரலில் இருந்தது.

சரி, இங்கிலீஷ் மெலோடிராமா கப்பல் ஏறிய கதைக்கு வருகிறேன். 1829 ஜூனில் லண்டன் சர்ரே தியேட்டரில் 'பிளாக்-ஐடு சூசன்' என்ற நாடகம் வந்தது. டக்ளஸ் ஜெரால்ட் எழுதியது. சிறுவயதில் கடற்படையில் இருந்தவர், கசையடி எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்தவர். கதாநாயகன் வில்லியமாக நடித்த டி. பி. குக் என்பவரும் நிஜமாகவே கடற்படையில் இருந்தவர்தான். நாடகம் 150 நாட்களுக்கு மேல் ஓடியது. ஆசிரியருக்குக் கிடைத்தது நூறு பவுனைக்கூட எட்டவில்லை.

வில்லியம் கடலுக்குப் போய்விட்டான். மனைவி சூசன் வாடகை கட்ட முடியாமல் தவிக்கிறாள். வீட்டைப் பறிக்கப் பார்ப்பவர் அவளுடைய சொந்த மாமா. வில்லியம் திரும்பி வருகிறான். குடிபோதையில் ஒருவன் சூசனைப் பிடித்து இழுக்க, வில்லியம் வாளால் வெட்டிவிடுகிறான். பார்த்தால் அது அவனுடைய கேப்டன். மேலதிகாரியை அடித்தால் கடற்படையில் தூக்குதான். கேப்டன் பிழைத்துக்கொள்கிறார், தப்பு தன்னுடையது என்று அவருக்கும் தெரிகிறது, நீதிபதிகளுக்கும் தெரிகிறது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். தூக்கு மேடை தயாரான கடைசி நிமிஷத்தில் ஒரு காகிதம் வருகிறது. வில்லியமைப் பணியிலிருந்து விடுவித்த உத்தரவு, அந்த வெட்டுக்கு முந்தின தேதி போட்டது. அதை ஒளித்து வைத்திருந்தவர் அதே மாமா. வெட்டும்போது அவன் சிப்பாய் இல்லை, சாதாரண மனிதன். ஆகவே தண்டனை இல்லை.

இந்த நாடகம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. சிட்னி அப்போது கைதிகளை நாடு கடத்திக் குடியேற்றிய ஊர். 1789இலேயே கைதிகள் சேர்ந்து ஒரு பழைய காமெடி நாடகத்தை ராஜாவின் பிறந்தநாளுக்கு அங்கே போட்டிருக்கிறார்கள். பிறகு வந்த கவர்னர் ஒருவர் நாடகம் என்றாலே அனுமதி மறுத்தார். பார்னெட் லெவி என்ற வியாபாரி வருஷக்கணக்கில் அலைந்து, அடுத்த கவர்னரிடம் லைசென்ஸ் வாங்கினார். 1832 டிசம்பர் 26ஆம் தேதி தன் ஓட்டலின் கூடத்தில் மேடை கட்டித் திறந்தார். முதல் நாள் நாடகம் 'பிளாக்-ஐடு சூசன்'. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சட்டத்தால் கப்பலேற்றப்பட்டவர்கள் நிறைந்த ஊரில், சட்டத்தால் தூக்குக்குப் போகிறவன் ஒரு காகிதத்தால் தப்பிக்கிற கதை! அதை அங்கே பார்த்தவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்காது.

நம் நாட்டில் வெள்ளைக்காரர்களின் நாடகம் வேறு மாதிரி. கல்கத்தாவில் 1813இல் சௌரிங்கி தியேட்டர் ஆரம்பித்தார்கள். துரைகளும் துரைசானிகளும் தங்களுக்காகப் போட்டுக்கொண்டது. கடன் ஏறியபோது 1835இல் அதை வாங்கியவர் துவாரகநாத் தாகூர், நம் ரவீந்திரரின் தாத்தா. நாலு வருஷத்தில் அது தீக்கிரையானது. பிறகு வந்த ஸான் சூசி தியேட்டரில் 1848இல் வைஷ்ணவ சரண் ஆத்யா என்ற வங்காளி இளைஞர் ஒதெல்லோவாக நடித்தார். வெள்ளைக்காரர் மேடையில் கறுப்பு வேஷத்துக்கு மை பூச வேண்டாத நடிகர் வந்தார் என்று ஊரே பேசிக்கொண்டது.

ஆனால் மேடைக்கு உண்மையான சூடு பிறந்தது 'நீல் தர்ப்பண்' நாடகத்தால். அவுரித் தோட்டத் துரைகளின் அட்டூழியத்தைப் பற்றி தீனபந்து மித்ரா 1860இல் எழுதியது. அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாருக்கு ஒரு மாதம் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். 1875இல் கல்கத்தாக் குழு ஒன்று லக்னோவில் இதைப் போட்டது. பெண்ணைக் கெடுக்கப் பார்க்கும் துரையை தோராப் என்ற குடியானவன் கீழே தள்ளி அடிக்கிற கட்டம் வந்ததும், பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் மேடைமேலேயே பாய்ந்துவிட்டார்கள். நாடகம் நின்றது, குழு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியது. அன்று அந்தக் குழுவில் இருந்த விநோதினி தாசி தன் வாழ்க்கைக் கதையில் இதை எழுதியிருக்கிறார். மறு வருஷமே, 1876இல், நாடகங்களைத் தடை செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் வந்துவிட்டது. தங்கள் ஊரில் துரை அடிவாங்குகிற மெலோடிராமாவுக்குக் கைதட்டியவர்களால், இங்கே அதே காட்சியை உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

இனி நம்ம ஊர். எழும்பூரில் பாந்தியன் ரோடு இருக்கிறதே, அந்தப் பெயர் 'பாந்தியன்' என்ற பழைய பொதுக்கூடத்தால் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினி துரைகள் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திய இடம். நம்மவர்களுக்கு அங்கே வேலை இல்லை. நம்மவர்களுக்கு விடிய விடியத் தெருக்கூத்து இருந்தது. படித்த குடும்பத்துப் பிள்ளைகள் கூத்துப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம். கூத்தாடி என்பதும் அப்போது வசைச்சொல்தான். சொல் மாறுகிறது, மனப்பான்மை மாறவில்லை பாருங்கள்.

1891இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லு என்ற வக்கீல் தன் சரச விநோதினி சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார். வக்கீலும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டி நடிப்பதைப் பார்த்து ஒரு பதினெட்டு வயதுப் பையன் பிரமித்துப் போனான். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவனுக்கு வெறுப்பு. அந்த வருஷம் ஜூலை முதல் தேதி நண்பர்கள் சிலரோடு சுகுண விலாச சபையை ஆரம்பித்தான். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். பின்னால் வக்கீல், அதற்குப் பின்னால் ஸ்மால் காஸஸ் கோர்ட் நீதிபதி. தொண்ணூறு நாடகங்களுக்கு மேல் எழுதி, 1959இல் பத்மபூஷண் வாங்கி, 1964இல் தொண்ணூற்றோராவது வயதில் காலமானார்.

அவர்கள் நாடகம் போட்ட இடம் விக்டோரியா பப்ளிக் ஹால். சிசோம் வரைபடம் போட, நம்பெருமாள் செட்டியார் கட்டிய செங்கல் கட்டடம். பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் போய் மூர் மார்க்கெட் பக்கம் இறங்கி வெளியே வந்தால் ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கும். எத்தனை ஆயிரம் தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம்!

சம்பந்த முதலியாரின் 'மனோகரா' 1895இல் மேடையேறியது. மனோகரனாக நடித்தவர் அவரே. ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும் மெக்பெத்தை 'மகபதி' என்றும் தமிழாக்கியவர் அவர். தன் நாடகத்தை யாராவது மெலோடிராமா என்று சொல்லியிருந்தால் நிச்சயம் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். பாட்டைக் குறைத்து வசனத்துக்கு முதலிடம் கொடுத்தவர், விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரத்தில் முடித்தவர், மணி அடித்தால் திரை தூக்கியவர். ஆனால் 'மனோகரா'வின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். மன்னனை மயக்கி வைத்திருக்கும் வசந்தசேனை. ஒதுக்கப்பட்ட ராணி பத்மாவதி. வீரனான மகன், ஒரே வெட்டில் எல்லாவற்றையும் முடித்துவிடக்கூடியவன். ஆனால் தாய் அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சபை நடுவே சங்கிலியில் கட்டுண்டு நிற்கிறான். அந்த இரும்புச் சங்கிலி அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை, தாயின் வாக்குதான் அவனைக் கட்டி வைத்திருக்கிறது. அவள் வாய் திறந்து விடுவிக்க வேண்டும். வில்லியமுக்கு ஒரு காகிதம், மனோகரனுக்குத் தாயின் ஒரு சொல். பிரான்சிஸ்கோவுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கே இல்லை.

சுகுண விலாச சபையில் சேர்ந்து நடித்தவர்களில் தீரர் சத்தியமூர்த்தியும் ஒருவர். சட்டசபையில் முழங்கிய குரல் முதலில் மேடையில் பழகிய குரல். படித்தவர்கள் நடித்ததால் நடிப்புக்கு மரியாதை வந்தது. ஆனால் அதே 'மனோகரா'வை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள். கால் வயிறு சாப்பாட்டுக்கு வீட்டைவிட்டு வந்த ஏழைப் பிள்ளைகள். வக்கீல்கள் குறைத்த பாட்டையும் ஆர்மோனியத்தையும் அவர்கள் திரும்பச் சேர்த்தார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று அவர்கள் வகுத்ததும், லண்டன் கொட்டகைகளில் கதாநாயகன், கதாநாயகி, வில்லன், கோமாளி என்று வகுத்ததும் அண்ணன் தம்பி மாதிரி. டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம் என்று இந்தப் பரம்பரை நீண்டு, கடைசியில் அதே பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த சிவாஜி கணேசனிடம் வந்து நின்றது. 1954இல் ஜுபிடர் பிக்சர்ஸ் 'மனோகரா'வைப் படமாக எடுத்தது. எல்.வி. பிரசாத் டைரக்‌ஷன், கலைஞர் வசனம், பத்மாவதியாகக் கண்ணாம்பா.

நான் அதைப் பார்த்தது சில வருஷம் கழித்து, டென்ட் கொட்டகையில், மணல் குவித்து உட்கார்ந்து. அப்பாவோடு. அப்பாவுக்கு இங்கே ராணுவ டெப்போவில் மூட்டை தூக்குகிற வேலை. காலையில் சங்கு ஊதினால் போவார், கேட்டில் சோதனை, உள்ளே "சரிங்க சார்", வெளியே வரும்போது மறுபடி சோதனை. வீட்டில் சிரித்தும் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. அந்த வருஷம்தான் ஊரில் பாட்டி இறந்தது. தந்தி வந்தது, லீவு கிடைக்க ஒரு நாள் ஆயிற்று, இவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து, மொட்டைத் தலையோடு மறுநாளே வேலைக்குப் போனார். அம்மா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை இல்லை.

கொட்டகையில் கண்ணாம்பா குரல் எழுப்பி மகனை விடுவிக்கிற கட்டம் வந்தது. பக்கத்தில் ஏதோ சத்தம். திரும்பிப் பார்த்தேன். அப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். நான் பயந்துபோய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். இடைவேளைக்குப் பிறகும் வாங்காத முறுக்கைப் படம் முடிந்ததும் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு நடந்து வருகையில், "அந்தம்மா என்னமா பேசுது" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

இதையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாத கப்பல்காரன், துரையை எதிர்க்க முடியாத குடியானவன், சங்கிலியில் நிற்கும் மகன், நாக்கில்லாத தகப்பன். மெலோடிராமாவின் நடுவில் எப்போதும் வாய் கட்டப்பட்ட ஒருவர் இருக்கிறார். பார்க்கிறவர்களிலும் அப்படிப்பட்டவர்களே அதிகம். அதனால்தான் சத்தமாக அழுகிறது, சத்தமாக ஆர்ப்பரிக்கிறது. வாழ்க்கையில் அளவாகப் பேச இடம் கிடைத்தவர்களுக்கு அது அதிகப்படியாகத் தெரியலாம். எங்கள் அப்பாவுக்கு அது சரியான அளவாக இருந்தது.

எல்லா மெலோடிராமாவும் நல்லது என்று நான் வாதாடவில்லை. ஆயிரம் எபிசோடு மாமியார் மருமகள் சண்டையைப் பார்க்க எனக்கும் பொறுமை இல்லை. வில்லியமுக்கு ஒரு காகிதம் வந்தது, மனோகரனுக்கு ஒரு சொல் வந்தது. இந்தச் சீரியல்களில் யாரும் யாரையும் விடுவிப்பதே இல்லை, அடுத்த வாரம் வரை இழுக்க வேண்டுமே. குறை அங்கே இருக்கிறது, அழுகையில் இல்லை.

அடுத்த முறை சென்ட்ரல் பக்கம் போகிறவர்கள் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, ரோட்டோரமாக நின்று அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பாருங்கள். 1897இல் விவேகானந்தர் பேசிய கூடம் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் வக்கீல்கள் வேஷம் கட்டினார்கள், மனோகரன் சங்கிலியில் நின்றான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். என் பேத்தியை வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போவதாக இருக்கிறேன். கையோடு படத்தையும் போட்டுக் காட்ட வேண்டும். அவள் சிரித்தாலும் பரவாயில்லை, கண்ணாம்பா பேசும்வரை உட்கார்ந்திருந்தால் போதும்.